ஈட்டி மீன்பிடிப் போட்டிக்கு மலை அணையில் பயிற்சி எடுக்கலாமா?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் சிட்னியில் மேற்படிப்பு படிக்கிறான். அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, கடலில் மூச்சடக்கி முங்கி ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். விடுமுறைக்கு வந்தவன், எமரால்டு, அவலாஞ்சி பக்கம் அணைத் தண்ணீரில் பயிற்சி எடுக்க வேண்டும் என்கிறான். ஊட்டியில் ஒருவர், "உயரமான இடத்தில் மூச்சடக்கிப் பழகினால் கடலில் இரண்டு மடங்கு நேரம் தாக்குப் பிடிக்கலாம், பர்மிட்டும் நானே வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிப் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். அனுப்பலாமா? இந்தப் போட்டியே ஆபத்தானதா?

பதில்: அணைக்கு அனுப்பாதீர்கள். போட்டிக்கு அனுப்பலாம். இரண்டும் வேறு வேறு விஷயம் என்பது புரிந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

முதலில் அந்த "இரண்டு மடங்கு" கதை. எமரால்டும் அவலாஞ்சியும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதாவது உங்கள் மகன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாலும், உள்ளே போகும் ஆக்சிஜன் சிட்னியில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் இருக்கும். சம்பளத்தைக் குறைத்துவிட்டு செலவை அப்படியே வைத்துக்கொள்வது போல. உயரத்தில் வாழ்ந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடும் என்பது உண்மைதான். அதற்கு வாரக்கணக்கில் அங்கே தங்கினாலே போதும். தண்ணீருக்குள் முங்கவே தேவையில்லை. தொட்டபெட்டா சரிவில் தினமும் ஏறி இறங்கட்டும், நுரையீரலுக்கும் நல்லது, காசும் மிச்சம்.

இப்போது முக்கியமான விஷயம். மூச்சடக்கி முங்குபவர்களைக் கொல்வதில் சுறாவுக்கும் அலைக்கும் பெரிய பங்கு கிடையாது. கொல்வது மயக்கம். ஆழத்தில் இருக்கும்போது தண்ணீரின் அழுத்தம் நெஞ்சை அமுக்குவதால், நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஆள் தெம்பாகவே உணர்வான். மேலே ஏறும்போது, கடலில் கடைசிப் பத்து மீட்டரில் அழுத்தம் சரிபாதியாகிவிடும். நுரையீரல் விரிகிறது, ஆக்சிஜனின் அழுத்தம் சடாரென்று விழுகிறது, மூளை அணைந்துவிடுகிறது. வலி இருக்காது, தவிப்பு இருக்காது, கை தூக்கி உதவி கேட்கவும் நேரம் இருக்காது. பெரும்பாலும் மேற்பரப்புக்கு அருகிலேயே நடக்கிறது. மேலே வந்து ஒரு மூச்சு இழுத்த பிறகும் நடக்கிறது. மலையில் காற்றழுத்தம் ஏற்கனவே குறைவு என்பதால், அதே பத்து மீட்டரில் அழுத்தம் பாதிக்கும் கீழே போகிறது. அந்த ஏஜெண்ட் விற்பது இந்தக் கூடுதல் ஆபத்தைத்தான்.

இன்னொரு கெட்ட பழக்கம், முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சை இழுத்து விடுவது. ஆக்சிஜனைச் சேமிக்கிறோம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். சேமிப்பு ஒன்றும் ஏறுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறுகிறது. "மேலே போ, மூச்சு விடு" என்று உடம்பை உந்துவதே அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். அதை வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதாகத்தான் ஆகும். உங்கள் மகன் முங்குவதற்கு முன் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுகிறானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அதை விட்டொழிக்கும்வரை எந்தத் தண்ணீரிலும் இறங்கக் கூடாது.

அணையில் இதற்கு மேலும் நாலு ஆபத்து உண்டு. அந்தத் தண்ணீர் சுரங்கக் குழாய் வழியாகக் குந்தா மின்நிலையத்துக்குப் போகிறது. டர்பைனை எப்போது ஓட்டுவார்கள் என்று உள்ளே முங்கியிருப்பவனுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. அடியில் சேறு, மூழ்கிப்போன மரங்களின் கட்டைகள், மீன்பிடிப்பவர்கள் விட்டுப்போன செவுள் வலைத் துண்டுகள். பனிக்காலத்தில் கரைப் புல்லில் உறைபனி படியும் ஊர் அது. அந்தக் குளிரில் இறங்கினால் உடம்பு சூட்டைத் தக்கவைக்க ஆக்சிஜனை இன்னும் வேகமாகச் செலவழிக்கும். அப்புறம் எடை பெல்ட், அதாவது முங்குவதற்காக இடுப்பில் கட்டும் எடைகள் கோத்த பட்டை. நன்னீரில் உப்பு இல்லாததால் உடம்பு குறைவாகவே மிதக்கும். சிட்னி கடலுக்குக் கட்டிய அதே பெல்ட்டோடு அணையில் இறங்கினால் சராசரி உடம்புக்காரனுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ அதிகமாக இருக்கும். மயங்கினால் நேராகச் சேற்றுக்குள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. தண்ணீர் மின்வாரியத்துடையது, மீன் மீன்வளத்துறையுடையது, கரை பல இடங்களில் வனத்துறையுடையது. ஒரு கேள்விக்கு மூன்று அலுவலகம் ஏற வேண்டும். ஒவ்வொருவரும் அடுத்த கதவைக் காட்டுவார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் மீன் பிடிப்பதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். முக்குருத்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் போய்விட்டால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட சீட்டு கொடுப்பது நீலகிரியில் வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். ஈட்டிக்கு அப்படி ஒரு சீட்டு கிடையாது. தெளிவாக, தமிழில், அணைக்கரையில் ஒரு பலகை வைத்து "இங்கே இது கூடாது" என்று எழுதினால் ஏஜெண்டுகளின் பிழைப்பே போய்விடும். அதைக்கூடச் செய்யமாட்டார்கள். செய்யாததன் விளைவு வருடா வருடம் தெரிகிறது. அணையில், அருவியில் ஒரு பையன் போனால் "சேற்றில் சிக்கி மூழ்கினான்" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். எத்தனை பேர் மூச்சடக்கிப் பந்தயம் கட்டி மயங்கிப் போனவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால்தானே அடுத்த பையனுக்குச் சொல்ல முடியும்.

ஏஜெண்டைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறார்கள். "பர்மிட்" என்று ஒரு காகிதம் காட்டுவார். அதில் யார் பெயர், எந்த அலுவலகம், என்ன வரிசை எண், எந்த வேலைக்கு அனுமதி என்று வரி வரியாகப் படியுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அது தூண்டில் சீட்டாகவோ, வண்டி உள்ளே போவதற்கான சீட்டாகவோ இருக்கும். சிக்கினால் வழக்கு உங்கள் மகன் மேல், அவர் மேல் அல்ல. மாணவர் விசாவில் இருக்கும் பையனுக்கு இங்கே ஒரு வன வழக்கு விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். அடுத்து "உயரப் பயிற்சிச் சான்றிதழ்" என்று ஒன்று விற்பார். எந்தப் போட்டியும் அதைக் கேட்பதில்லை. பிறகு பழைய துப்பாக்கி ஒன்றை எடுத்துக் காட்டுவார், ரப்பர் வெடித்து, விசை தேய்ந்து இருக்கும். கடைசியாக ஆக்சிஜன் கேன். மூச்சடக்கும் போட்டியில் மூச்சுக் கருவிக்கே இடமில்லை, கேனுக்கு என்ன வேலை? "சிலிண்டர் மாட்டிக் கொஞ்சம் பழகட்டும்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். சிலிண்டர் காற்றை ஆழத்தில் சுவாசித்தவன் மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். மூச்சடக்கப் பழகிய பையனுக்கு அந்தத் தவறு கைப்பழக்கத்திலேயே வந்துவிடும்.

தண்ணீரே கூடாதா என்று உங்கள் மகன் கேட்பான். ஒரே ஒரு விதிவிலக்கு தருகிறேன், ஆனால் அதை அரைகுறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோயம்புத்தூருக்கு இறங்கி, ஒரு நீச்சல் குளத்தில் பழகலாம். குளம் நெஞ்சளவு ஆழமாக இருக்க வேண்டும். கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள், ஒருவர் நிற்க வேண்டும். அவர் அந்த நேரத்தில் மூச்சடக்கக் கூடாது. கரையில் நாற்காலி போட்டுச் செல்போன் பார்க்கிறவர் காவல் ஆகமாட்டார். குளத்தின் உயிர்காப்பாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடியில் அசையாமல் கிடக்கும் பையனைப் பார்த்து "பயிற்சி எடுக்கிறான்" என்று விட்டுவிடுவார்கள். நேரத்தை அளந்து நண்பர்களோடு பந்தயம் கூடாது. ஒவ்வொரு முங்கலுக்கும் நடுவே, முங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்காவது ஓய்வு. மூச்சுக்காக வயிறு துடிக்க ஆரம்பித்ததும் மேலே வர வேண்டும். காவலுக்கு வர வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை என்றால், மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாலும், நீந்திவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இதில் ஒன்று குறைந்தாலும் விதிவிலக்கு இல்லை.

இனி போட்டி. முத்துக்குளிப்பில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் மேலே நிறுத்துவார்கள் என்று நம் கடற்கரையில் சொல்வது வழக்கம். தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்பதுதான் கணக்கு. இந்த விளையாட்டின் பாதுகாப்பும் அதே கணக்குத்தான். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. இருவரும் ஒரே நேரத்தில் முங்கவே கூடாது. மேலே வந்தவனை அரை நிமிடமாவது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உதடு நீலமாவது, தலை ஆடுவது, கண் வெறிப்பது தெரிந்தால் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, முகத்தில் ஊதி, பெயர் சொல்லி "மூச்சு விடு" என்று கூப்பிட வேண்டும். மூச்சு திரும்பவில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். உங்கள் மகனின் ஜோடிக்கு இது தெரியுமா என்று கேளுங்கள். போட்டியில் எத்தனை மீன் பிடித்தான் என்பதைவிட எனக்கு அந்தப் பதில் முக்கியம்.

துப்பாக்கியைத் தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் இழுத்துப் பூட்ட வேண்டும், ஏறுவதற்கு முன் விடுவிக்க வேண்டும். படகில், கரையில் பூட்டிய துப்பாக்கியோடு நின்றால் நல்ல கிளப் எதுவும் அடுத்த முறை சேர்த்துக்கொள்ளாது. கொடியோடு கூடிய மிதவையைக் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டும், படகுக்காரனுக்குத் தெரிய வேண்டுமல்லவா. பாறை இடுக்கில் அடிபட்ட மீன் சிக்கிக்கொண்டால் துப்பாக்கியையும் மீனையும் விட்டுவிட்டு மேலே வர வேண்டும். போட்டியில் ஆள் போவது பெரும்பாலும் அந்த "இன்னும் ஒரு முறை" ஆசையில்தான். புள்ளிகள் மீனின் வகைக்கும் எடைக்கும். குறைந்தபட்ச எடை எட்டாத மீனுக்கு ஒன்றும் கிடையாது, ஆகவே குட்டியைக் குத்துவது வீண்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மீன்பிடிக் கட்டண ரசீது கையில் இருக்க வேண்டும், சிலிண்டரோடு ஈட்டி எடுக்கக் கூடாது. நன்னீரில் ஈட்டி மீன்பிடியே அங்கே தடை. இதை உங்கள் மகனுக்கு நினைவூட்டுங்கள், அவன் பழகும் மாநிலத்திலேயே கூடாததை இங்கே அணையில் செய்யப் பார்க்கிறான். ப்ளூ க்ரோப்பர் என்ற பெரிய நீல மீனை 1969 முதலே அங்கே ஈட்டியால் தொடக் கூடாது. பயமில்லாமல் ஆள் அருகே வந்து நிற்கும், அதனால்தான் சுலபமாக மாட்டிக்கொள்ளும். 2023 டிசம்பரில் சிட்னியின் க்ரோனல்லா பக்கம், மக்கள் பெயர் வைத்துக் கொஞ்சிய ஒரு க்ரோப்பரை ஒருவர் குத்திவிட்டார். அபராதம் விழுந்தது, ஊரே கொதித்தது, பிறகு தூண்டிலுக்கும் தடை வந்தது. அடையாளம் தெரியாத மீன் என்றால் விசையைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வாய்வார்த்தையாக இல்லாமல் வாட்ஸ்அப்பில் எழுதி. "எந்த அலுவலகம், எந்த எண்ணில் பர்மிட் தருகிறது என்று எழுதி அனுப்புங்கள்" என்ற ஒரு வரி போதும். பதில் வராவிட்டால் அந்தச் செய்தியோடும், பணம் அனுப்பிய விவரத்தோடும் காவல் நிலையத்துக்குப் போங்கள். சிட்னிக்குத் திரும்பியதும் போட்டிக்கு முன் உங்கள் மகன் கிளப் ஆட்களோடு ஆழமில்லாத இடத்தில் சில வாரம் இறங்கிப் பழக வேண்டும். பெல்ட்டையும் அங்கே அந்தத் தண்ணீரிலேயே மறுபடி அளந்து கட்டட்டும், மூச்சை வெளியே விட்ட பிறகும் மேற்பரப்பில் மிதக்கிற அளவுக்கு.