மதுரையில் தனி வழிகாட்டி: கோயில் வாசலில் வைத்து முடிவு செய்யாதீர்கள்

மெல்பர்னிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டிசம்பரில் குடும்பத்துடன் மதுரைக்கு வருகிறோம். ஒன்றரை நாள்தான் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது. கோயில் வாசலில் கிடைக்கும் வழிகாட்டியைப் பேசிக்கொள்ளலாமா, முன்கூட்டியே ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டுமா?"

முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். வாசலில் நிற்பவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செருப்பைக் கழற்றி, அம்மாவை ஒரு பக்கம் உட்காரவைத்து, பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கும்போது யாரையும் எடைபோட முடியாது. இரண்டு பேரிடமாவது தொலைபேசியில் பேசுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகார அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது?"

இது மதுரையைத் திறக்கும் சாவி. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி என்று ஒன்றையொன்று சுற்றி அடுக்கடுக்காக அமைந்த ஊர் இது. வீதிகளுக்கு மாதங்களின் பெயர். அந்தந்த மாதத்துத் திருவிழா அந்தந்த வீதியில். அப்படியிருக்க, சித்திரையில் புறப்படும் தேர் மட்டும் மாசி வீதியைச் சுற்றுகிறது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது மதுரையில் வழங்கும் விளக்கம். இதைத் தடுமாறாமல் சொல்பவர் ஊரை அறிந்தவர். "கோயிலில் இத்தனை கோபுரம், இத்தனை தூண்" என்று தொடங்குபவர் மனப்பாடம் செய்தவர். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் என்று பலகையே சொல்லிவிடும், அதற்கு ஆள் வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்காகத்தான் நல்ல வழிகாட்டி அவசியம் என்பேன். வெள்ளியம்பலத்து நடராசரைக் காட்டி "இது வெள்ளியம்பலம்" என்று நகர்ந்துவிடுவோர் உண்டு. என்னோடு பணிசெய்த ஒரு மூத்த வழிகாட்டி குழந்தைகளை அங்கே நிறுத்தி, "எந்தக் காலைத் தூக்கியிருக்கிறார், பாருங்கள்" என்பார். மற்ற தலங்களில் இடக்கால், இங்கே வலக்கால். ஒரே காலில் ஆடினால் வலிக்காதா என்று பாண்டியன் வருந்தியதால் கால் மாறி ஆடினார் என்ற கதையை அதற்குப் பிறகுதான் சொல்வார். கதை எது, கல்வெட்டு எது என்று பிரித்தும் சொல்வார். அந்தப் பழக்கம் உள்ளவரைத் தேடுங்கள்.

முழு நாளுக்குப் பேசாதீர்கள். நண்பகலுக்குப் பிறகு நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். முழு நாள் கட்டணம் கொடுத்தவர்களுக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் கடைகளில்தான் கழியும். 'மொட்டைமாடியிலிருந்து கோபுரம் பார்க்கலாம்' என்று கைவினைப்பொருள் கடைக்குக் கூட்டிப்போவது பழைய வழக்கம். பார்வை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இறங்கிவரும் வழியில் கம்பளம் விரித்திருப்பார்கள், நீங்கள் வாங்குவதில் வழிகாட்டிக்குப் பங்கு போகும். எத்தனை மணி நேரம், எந்த மொழி, கார் உண்டா, நுழைவுச்சீட்டு யார் பொறுப்பு, கடைக்குப் போவதில்லை – இவ்வளவையும் முதல் நாளே குறுஞ்செய்தியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மனக்கசப்பு வராது.

காலையில் கோயில், மாலையில் நேரமிருந்தால் புது மண்டபம், எழுகடல் தெரு, முடிக்கப்படாமல் அடித்தளத்தோடு நிற்கும் ராயகோபுரம். திருமலை நாயக்கர் மகாலை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று நிற்பது 1636-இல் எழுந்த அரண்மனையின் கால்பங்கு அளவுதான். எது இல்லாமல் போயிற்று என்று சொல்லத் தெரிந்தவர் உடனிருந்தால்தான் அந்தத் தூண்களின் பருமனுக்கே பொருள் விளங்கும்.

அம்மாவைப் பற்றி முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சித்திரை வீதிகளுக்குள் கார் போகாது. கொஞ்சம் நடக்க வேண்டும். சக்கர நாற்காலி கிடைக்குமா, எந்த வாசலில் படி குறைவு என்று வழிகாட்டியையே முந்தைய நாள் விசாரிக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் இருக்கும். மார்கழி பிறந்துவிட்டால் நடை திறக்கும் நேரமும் மாறும். கைபேசிக்கு 2018-லிருந்து கோயிலுக்குள் அனுமதி இல்லை. எனவே உள்ளே பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படி எல்லோருக்கும் எளிது, அம்மா உட்காரவும் இடமிருக்கும். விரைவு தரிசனம் வாங்கித் தருகிறேன் என்று வழிகாட்டி பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சிறப்புத் தரிசனச் சீட்டைக் கோயில் கவுண்டரிலேயே நீங்கள் வாங்கலாம்.

மீதி அரை நாளுக்குக் கீழடி. கீழக்குயில்குடி சமணர் மலை எனக்கு மிகவும் பிடித்த இடம், ஆனால் அங்கே சமணச் சிற்பங்கள் உள்ள செட்டிப்புடவு என்னும் குகைக்குப் படியேற வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு வேண்டாம். 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். பானை ஓட்டில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய பெயர்களைப் பிள்ளைகள் அங்கே அருகில் நின்று பார்க்கலாம். அங்கே போக வழிகாட்டி தேவையில்லை. காருக்கு மட்டும் சொல்லிவைத்து, விடுமுறை நாளா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.