அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு பிஸ்டன், பேரிங் எங்கே தேடுவது?

2014-இல் தயாரிப்பே நின்றுபோன கார் என்பதால் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். இது பிரிட்டனின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் இன்ஜின், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மி.மீ. எம்.ஜி.ஏ. 1500 காரிலும் இதே குடும்ப இன்ஜின்தான். அதற்கு இங்கிலாந்தில் விற்கும் பிஸ்டன், பேரிங்குகளையும் பாருங்கள். பிஸ்டன் உயரத்தையும் பிஸ்டன் பின்னின் (pin) விட்டத்தையும் ஒப்பிடாமல் பணம் கட்ட வேண்டாம்.

வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கவனம்: டீசல் அம்பாசடரும் 1489 சிசிதான், ஆனால் பிஸ்டன் வேறு. பழைய பிஸ்டனையே கையில் கொண்டு போங்கள்.

பிஸ்டன் கைக்கு வரும் முன் இன்ஜின் பிளாக்கை போரிங்குக்கு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) கொடுக்கவே கொடுக்காதீர்கள். 0.040 அங்குலம் கடைந்த பிறகு 0.020 அங்குலம் மட்டுமே பெரிதான பிஸ்டன் செட் கிடைத்தால், சிலிண்டருக்குள் ஸ்லீவ் (உலோக உறை) போடுவதுதான் வழி. கிராங்க் ஷாஃப்ட்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து, கிடைத்த பேரிங் அளவுக்கே கிரைண்ட் செய்யச் சொல்லுங்கள்.