நாள்பட்ட வலி, போதைப் பழக்கம் பற்றிய ஆய்வுக்கு அம்மாவின் மருத்துவ விவரங்களைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நாங்கள் கொடுத்தோம்.

எங்களுக்குக் கம்பம். அம்மா இருபத்திரண்டு வருடம் விடியற்காலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குக் காய் எடுக்கப் போனவர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க, நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் இருக்க வேண்டும். இடுப்பு போய்விட்டது.

மலை மேலே ஒரு ஆஸ்பத்திரி, கீழே ஒரு ஆஸ்பத்திரி என்று காட்டினோம். இரண்டிலும் டிரமடால் என்ற வலி மாத்திரையை எழுதினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மாத்திரை அட்டையில் கம்பெனிப் பெயர் வேறாக இருந்ததால், இரண்டும் ஒரே மருந்து என்று எங்களுக்கும் தெரியவில்லை. மாத்திரை தீர்ந்த அன்று அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டும், காலை ஓரிடத்தில் வைக்க முடியாது, ராத்திரி பூராவும் விழித்திருப்பார். வலிதான் கூடிவிட்டது என்று நினைத்து மறுபடி வாங்கிக் கொடுத்தோம். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்பதை, வீட்டுக்கு வந்த வலித்தணிப்பு நர்ஸ் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். டிரமடாலை 2018 ஏப்ரலிலேயே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

வலிக்கு ஒரு ஃபைல், பழக்கத்துக்கு ஒரு ஃபைல், மலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆள் ஒருத்திதான். இதைச் சேர்த்துப் பார்க்காமல் எந்த டாக்டருக்கும் முழு விஷயம் தெரியப் போவதில்லை.

அமெரிக்காவில் அபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு மருந்துகளால் (டிரமடாலும் இந்த வகைதான்) ஏராளமானோர் செத்துப்போன பிறகு, அதே 2018 ஏப்ரலில் அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 'ஹீல்' என்ற திட்டத்தைத் தொடங்கின. வலி, அடிமைத்தனம் இரண்டையும் ஒரே திட்டத்தில் ஆராய்கிறார்கள். கிடைக்கும் தரவை மற்ற ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பது அதில் விதி. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: வலி பற்றிய ஆய்வுகள் எல்லாவற்றிலும் சில அடிப்படைக் கேள்விகள் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். ஓரிடத்தில் "வலி இருக்கா?" என்றும் இன்னோரிடத்தில் "பத்துக்கு எத்தனை?" என்றும் கேட்டால் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? 'பெக்' என்று மூன்றே கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு. போன ஒரு வாரத்தில் வலி எவ்வளவு, வாழ்க்கையைச் சந்தோஷமாக அனுபவிப்பதை அது எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலையை எவ்வளவு கெடுத்தது. ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து பத்துக்குள் மதிப்பெண்.

இதே கேள்விகளை அம்மாவிடம் கேட்டபோது, முதல் கேள்விக்கு அவர், "அதை எப்படிடா எண்ணிச் சொல்ல, குனிஞ்சா உசுரு போகுது" என்றார். மூன்றாவது கேள்விக்கு யோசிக்கவே இல்லை. "ஒம்பது. குடத்தைத் தூக்கி இடுப்புல வைக்க முடியல." மாத்திரைக் கணக்கில் வராத விஷயம் இப்படித்தான் வெளியே வருகிறது.

சரி, உங்கள் பயமும் நியாயம். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பார்கள், போதாது. ஊர், வயது, தோட்டம் மூன்றும் இருந்தால் எங்கள் தெருவில் யாரும் அம்மாவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஊருக்குப் பதில் மாவட்டம், வயதுக்குப் பதில் வயது வரம்பு என்று எழுதச் சொன்னோம், ஒத்துக்கொண்டார்கள். நீங்களும் கேளுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா, தரவு வேறு யாருக்குப் போகும், தோட்டத்துக்கோ போலீசுக்கோ போகாது என்று எழுத்தில் தருவார்களா என்றும் கேளுங்கள். ஒப்புதல் படிவம் அம்மாவுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. மலையாளப் படிவத்தில் கைநாட்டு வாங்க விடாதீர்கள். சம்மதம் உங்களுடையது அல்ல, அம்மாவுடையது.

இப்போது டாக்டர் சொல்படி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறோம். சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை, அன்று தூங்கினாரா என்று தங்கச்சி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஆய்வுக்கு வந்த பெண் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்த நோட்டைத்தான் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார்.