கையை நீட்டாதீர்கள், ஆளைக் கிட்ட வரச் சொல்லுங்கள்

கேள்வி: கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் ஸ்கேன் பார்க்கும் வைத்தியர் நான். பின்னேரங்களில் வெள்ளவத்தையில் சனலிங்கிலும் (தனியாரில் காசுக்கு) பார்க்கிறேன். சில மாதங்களாக வலது தோளும் கழுத்தும் நோகின்றன, தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. வயது 34தான். என் உடம்பில்தான் பலமில்லையா?

பதில்: இல்லை தங்கச்சி, உங்கள் உடம்பில் ஒரு பிழையும் இல்லை. ஸ்கேன் பார்ப்பவர்களிடம் பல நாடுகளில் விசாரித்துப் பார்த்திருக்கிறார்கள், பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் நோவோடுதான் வேலை செய்கிறார்கள், 1980களிலிருந்தே இதைப் பற்றி எழுதியும் வருகிறார்கள்.

தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட கை உடம்பை விட்டு 30 பாகைக்கு மேல் விலகி, அப்படியே அந்தரத்தில் நின்று புரோபை (உடம்பில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை) அழுத்திக்கொண்டிருந்தால் தோளுக்கு மேலே ஓடும் தசைநார் எலும்புக்கடியில் நசிபடும், அசையாமல் இறுகி நிற்கும் தசைக்கு இரத்தோட்டமும் குறையும். கட்டிலின் நடுவில் படுத்திருப்பவரை எட்டிப் பிடித்துத்தானே பார்க்கிறீர்கள்? நிறைமாத வயிற்றோடு வருகிற பிள்ளையை நகரச் சொல்ல மனம் வராது, தெரியும், ஆனால் "கொஞ்சம் என் பக்கம் வாங்கோ அம்மா" என்று சொன்னால் யாரும் கோவிக்க மாட்டார்கள், படுக்க முதலே சொன்னால் இன்னும் சுகம். அப்புறம் கட்டிலைப் பதித்து, கதிரையை உயர்த்தி, முழங்கை விலாவோடு ஒட்டி நிற்கிற மாதிரி இருங்கள். முன்னங்கைக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்தாலே தோளின் பாரம் நன்றாகக் குறையும்.

ஜெல் பட்ட புரோப் வழுக்கும், வழுக்க வழுக்க விரல் நுனியால் இறுக்குவோம், ஆகவே அடிக்கடி துடைத்து உள்ளங்கையால் பிடியுங்கள். வயரைக் கழுத்தில் போடவே வேண்டாம். குழந்தையைத் தாய்க்குக் காட்டத் திருப்பிய திரையை மறக்காமல் உங்களுக்கு நேரே திருப்பிவிடுங்கள், கழுத்து நோவுக்கு அதுவும் ஒரு காரணம்.

நோக்குளிசையைப் போட்டுச் சமாளித்துக்கொண்டு போகாதீர்கள். கை தூக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது என்கிறீர்கள், இந்தக் கிழமையே எலும்பு மூட்டு வைத்தியரிடமோ பிசியோவிடமோ காட்டுங்கள். இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் விறைத்தால் அதையும் சொல்லுங்கள், மணிக்கட்டில் நரம்பு நெரிபடலாம்.

சனலிங்கைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். காசு குறையும், வீட்டுக்கடனும் இருக்கலாம், என்றாலும் பகல் முழுக்கப் பாடுபட்ட அதே தோளுக்குப் பின்னேரமும் அதே வேலையைக் கொடுத்தால் எந்த மருந்தும் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் பொறுப்பானவருக்கு எழுத்திலேயே கொடுங்கள், உயரம் மாற்றக்கூடிய கட்டில் வேண்டும், ஸ்கேன்களுக்கு இடையில் இடைவெளி வேண்டும் என்று.