கொலனோஸ்கோபி எடுத்தாச்சு... ஒழுங்காக எடுத்தார்களா?
(வாசகர் கேள்வி – டாக்டர் பதில்)

டாக்டரம்மா, எனக்கு வயது 58. என் அண்ணனுக்கு 52 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்து தவறிப்போனார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒற்றைக்காலில் நின்றதால் போன மாதம் பின்வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி எடுத்துக்கொண்டேன். ‘நார்மல்’ என்று இரண்டு வரியில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். மகனோ, ‘சீக்கம் வரைக்கும் போனாங்களா, போட்டோ இருக்கா’ என்று வீடியோ காலில் துருவுகிறான். நார்மல் என்றால் நார்மல்தானே?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

உங்கள் மகன் கேட்பது நியாயமான கேள்வி ஐயா, அவரைத் திட்டாதீர்கள். பெருங்குடல் ஏறக்குறைய ஐந்து அடி நீளம். பின்வழியாக ஏறிப் போனால் அதன் கடைசி முனைதான் சீக்கம், சிறுகுடல் வந்து சேருகிற இடம், குடல்வால் தொங்குவதும் அங்கேதான். வளைவில் ஸ்கோப், அதாவது அந்தக் கேமரா குழாய், ஏறாமல் பாதி வழியில் திரும்பிவிட்டால் வலப்பக்கக் குடலை யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம், ரிப்போர்ட்டில் மட்டும் ‘நார்மல்’ என்று இருக்கும். அதனால்தான் குடல்வால் துவாரத்தையும் சிறுகுடல் வால்வையும் படம் எடுத்து ஒட்டச் சொல்கிறோம். ஸ்கிரீனிங்குக்கு, அதாவது அறிகுறி இல்லாமலே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள, வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது சீக்கம் வரை போய்விட வேண்டும் என்பது கணக்கு.

அப்புறம், உள்ளே போவது பெரிய காரியமில்லை, பார்ப்பது எல்லாம் திரும்பி வரும்போதுதான். மடிப்பு மடிப்பாக இருக்கும் குடலில் ஒவ்வொரு மடிப்பின் பின்பக்கத்தையும் நீக்கிப் பார்த்து, தேங்கிய தண்ணீரை உறிஞ்சி, காற்றடித்து விரித்து, சந்தேகமான இடத்துக்கு மறுபடி போய்ப் பார்த்து வர நேரம் பிடிக்கும். 2006-ல் அமெரிக்காவில் 12 டாக்டர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வெளியே வர சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள், அவசரக்காரர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். ‘குறைந்தது ஆறு நிமிடம்’ என்ற விதி அப்படி வந்தது. 2024-ல் அங்குள்ள குடல் நோய் டாக்டர்கள் சங்கங்கள் அதைச் சராசரியாக எட்டு நிமிடம் என்று உயர்த்திவிட்டன. பாலிப்பை, அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு கட்டியை, வெட்டி எடுக்கிற நேரம் இதில் சேராது.

டாக்டருக்கும் மார்க் உண்டு. அவர் பார்க்கும் ஸ்கிரீனிங் கேஸ்களில் நூற்றுக்கு எத்தனை பேரிடம் அடினோமாவை, அதாவது பின்னாளில் புற்றாக மாறக்கூடிய வகைப் பாலிப்பை, கண்டுபிடிக்கிறார் என்பதுதான் அந்த மார்க். 2014-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொலனோஸ்கோபிகளை அலசியதில், இந்த விகிதம் ஒரு சதவீதம் ஏறினால் ‘நார்மல்’ என்று அனுப்பப்பட்டவருக்குப் பிறகு புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் இப்போது 35 சதவீதமாவது இருக்கணும் என்கிறார்கள். நம் ஊரில் அடினோமா அவ்வளவு பரவலாக இல்லை, அந்த எண்ணை அப்படியே தூக்கிவந்து இங்குள்ள டாக்டர் தலையில் வைப்பது நியாயமில்லை. ஆனால் தன் எண் எவ்வளவு என்று கணக்கு வைத்திருக்கிற டாக்டர் எந்த ஊரிலும் கவனமாகத்தான் பார்ப்பார், இது என் அபிப்பிராயம்.

நீங்கள் செய்ய வேண்டியது: ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போய், சீக்கம் வரை போனீர்களா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, திரும்பி வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். கூடப்பிறந்தவருக்கு 60 வயதுக்குள் வந்திருப்பதால், சோதனை நன்றாகவே நடந்திருந்தாலும் பொதுவாக ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கம். உங்கள் அண்ணன் பிள்ளைகள் 40 வயதிலேயே தொடங்க வேண்டும், அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

மாமியாருக்குத் தஞ்சாவூரில் கொலனோஸ்கோபி, காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பேதி மருந்தைப் பாதி குடித்தாலே போதும், மீதியைக் கொட்டிவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாமியாருக்கோ காபி இல்லாமல் பொழுது விடியாது. என்ன செய்வது டாக்டர்?
– வாசகி, வேதாரண்யம்

அந்த அக்காவுக்கு என்ன ரிப்போர்ட் வந்தது என்று கேட்டீர்களா? ஆடி மாதம் புதுத்தண்ணி வந்த வாய்க்காலில் விழுந்த காசைத் தேடுகிற மாதிரிதான் சுத்தமாகாத குடலில் பாலிப் தேடுவது. வலப்பக்கத்தில் வரும் சில பாலிப்கள் தட்டையாக, தோலோடு தோலாக ஒட்டிக் கிடக்கும், மேலே மெல்லிய மலப்படலம் இருந்தாலே தப்பிவிடும்.

முழு மருந்தும் குடிக்கணும். முந்தின இரவே மொத்தமும் குடிப்பதைவிட, பாதி இரவு, மீதி சோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பு என்று பிரித்துக் குடித்தால் குடல் இன்னும் நன்றாகச் சுத்தமாகும். கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம், மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சொல்கிறபடி. உங்களுக்குச் சிக்கல் வேறு: வேதாரண்யத்தில் விடியற்காலை மருந்தைக் குடித்துவிட்டு தஞ்சாவூர் பஸ்ஸில் எப்படி உட்காருவது? பலர் இதற்காகவே இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். முந்தின நாளே தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், கழிப்பறை பக்கத்தில் இருக்கணும். முடியாவிட்டால் மதிய நேரம் கேட்டு வாங்குங்கள், தாராளமாகக் கொடுப்பார்கள்.

இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய், எள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். முருங்கைக்கீரைத் துணுக்கும் கொய்யா விதையும் ஸ்கோப்பின் உறிஞ்சு குழாயை அடைத்துக்கொண்டால், நர்ஸ் சிரிஞ்சில் தண்ணீர் அடித்து அடித்து எடுப்பதற்குள் பாதிப் பொறுமை போய்விடும், அது குடலைப் பார்க்க வேண்டிய பொறுமை. முந்தின நாள் இளநீர், வடிகட்டின ரசத்தெளிவு, எலுமிச்சை ஜூஸ் போதும். காபி குடிக்கலாம், பால் மட்டும் கூடாது, காபிப் பிரியருக்கு இது தண்டனைதான், ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். சிவப்பு, ஊதா நிற பானம் எதுவும் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். கடைசியில் போவது சிறுநீர் போல மஞ்சளாக, தெளிவாக இருந்தால் சுத்தமாகிவிட்டது. பழுப்பாகக் கலங்கிப் போனால் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை எது போட்டாலும் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கிட்னி அல்லது இதயக் கோளாறு இருந்தால் எந்தப் பேதி மருந்து என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது ஏஐ வைத்தே பாலிப் கண்டுபிடிக்கிறார்களாமே, அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமா?
– வாசகர், மயிலாடுதுறை

இருந்தால் நல்லது தம்பி. திரையில் சந்தேகமான இடத்தில் கட்டம் போட்டுக் காட்டும், சின்னப் பாலிப்கள் கூடுதலாகச் சிக்குகின்றன. ஆனால் கேமராவுக்கு முன்னால் வராததை அதுவும் பார்க்காது. மடிப்பை விலக்குவது டாக்டர் கைதான்.

மலத்தில் அவ்வப்போது ரத்தம் போகிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘மூலம், பவுத்திரம்’ என்று ஒட்டியிருக்கும் இடத்துக்குப் போய் இரண்டு மாதமாக மருந்து சாப்பிடுகிறேன். வயது 51. வெட்கமாக இருக்கிறது, பெயர் போட வேண்டாம்.
– பாபநாசம் பக்கம்

போடவில்லை. மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலம் இருக்கிறது என்பதற்காக மேலே இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது. அரசு நடத்தும் பரிசோதனைகளில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் பார்க்கிறார்கள், குடலைத் தேடி யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள், நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும். அதுவும் நீங்கள் இனி ஸ்கிரீனிங் ஆளே இல்லை, அறிகுறி உள்ளவர். மலத்தில் மறைந்த ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் கிட்டெல்லாம் உங்களுக்கு வேண்டாம், ரத்தம்தான் கண்ணுக்கே தெரிகிறதே. இந்த வாரமே ஹீமோகுளோபின் எடுத்துக்கொண்டு தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தெரிந்த குடல் நோய் டாக்டரிடமோ போங்கள். எடை குறைந்ததா, மலம் போகும் வழக்கம் மாறியதா, வீட்டில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். இதுவரை சாப்பிட்ட மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.