பல் கூச்சத்துக்கு மினரல் பேஸ்ட்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: ஜனவரி குளிரில் மொட்டைமாடி டாங்க் தண்ணீரை வாயில் ஊற்றினாலே பல் சுரீர் என்கிறது. 'எனாமலைப் புதுப்பிக்கும்' என்று போட்டிருந்த பேஸ்ட்டால் ஒரு வாரமாகத் தேய்க்கிறேன். கூச்சம் குறையவே இல்லையே?
— வாசகி, ஆர்.கே. புரம், டெல்லி

பதில்: பேஸ்ட்டை மாற்றிவிடாதீர்கள், தேய்க்கும் முறையை மாற்றுங்கள். ஈறு இறங்கிய இடத்தில், பல்லின் வெளிப்பூச்சான எனாமல் மூடாத வேர்ப்பகுதியில், டென்டின் என்ற உள்அடுக்கு வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நரம்பை நோக்கிப் போகின்றன. குளிர் பட்டதும் அவற்றிலுள்ள திரவம் அசையும். அதுதான் அந்தச் சுரீர்.

அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 5% என்றிருந்தால் அது நரம்பை அமைதிப்படுத்தும், குழாயை அடைக்காது. கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட், அதாவது நோவாமின் என்றிருந்தால் அடைக்கும். எலும்போடு ஒட்டுவதற்காக 1969-ல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் உருவாக்கிய கண்ணாடியின் பொடி இது. எச்சில் பட்டதும் கால்சியமும் பாஸ்பேட்டும் கசிந்து குழாய் வாயில் படியும். டியூபுக்குள்ளேயே வினை நடந்துவிடக் கூடாது என்பதால் இந்தப் பேஸ்ட்டில் தண்ணீரே சேர்ப்பதில்லை. அதனால் பிரஷ்ஷை நனைக்க வேண்டாம்.

மென்மையான பிரஷ்ஷில் பட்டாணி அளவு எடுத்து, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக 2 நிமிடம் தேயுங்கள். நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். வாய் கொப்பளித்தால் படிய வேண்டியதெல்லாம் வாஷ்பேசினில் போய்விடும். பலருக்கும் பலன் கிடைக்காமல் போவது இங்கேதான். இரவில் கூசும் இடத்தில் இன்னும் கொஞ்சம் விரலால் தடவி விடலாம். தினம் இரண்டு வேளை, 4 வாரமாவது செய்துபாருங்கள். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரே வாய்க்கு நல்லது.

இன்னொன்று, புளிப்பு. புளிப்பு கூடக் கூட pH என்ற அளவு குறையும்; அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையும். டென்டின் அதற்கு முன்பே கரைய ஆரம்பித்துவிடும். காலையில் எலுமிச்சை வெந்நீர், மதியம் கின்னோ ஆரஞ்சு ஜூஸ், சாயங்காலம் கோல்கப்பா (பானிபூரி) தண்ணீர் என்று போனால் எந்தப் பேஸ்ட்டும் ஈடுகொடுக்காது. புளிப்பு சாப்பிட்டால் வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரைமணி நேரமாவது கழித்துப் பல் தேயுங்கள். பல்பொடி, கரி, உப்பு மூன்றையும் நிறுத்திவிடுங்கள். அடைத்ததைச் சுரண்டி எடுத்துவிடும்.

கேள்வி: ஃபுளோரைடு இல்லாத ஹைட்ராக்சிஅபடைட் பேஸ்ட் மட்டும் போதுமா?
— வாசகர், கரோல் பாக்

பதில்: கூச்சத்துக்கு நல்லதுதான். பல்லே அந்தத் தாதுவால் ஆனது. ஜப்பானில் 1980 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆனால் சொத்தை விழும் வாய் என்றால் நான் ஃபுளோரைடை விடச் சொல்ல மாட்டேன். இரவில் 1000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்ட், காலையில் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு கடைவாய்ப் பல் மட்டும். சூடாகக் காபி குடித்தால் பத்து நிமிடம் வலி நிற்பதில்லை.
— வாசகி, மயூர் விஹார்

பதில்: இது பேஸ்ட்டுக்கு அடங்காது. குளிரில் கூசி உடனே மறைவது வேறு. சூட்டில் வலித்து நீடித்தால் பல்லுக்குள்ளே நரம்பு இருக்கும் பல்கூழ் வீங்கியிருக்கலாம். பல்லில் விழுந்த குழியையோ விரிசலையோ எந்த மினரல் பேஸ்ட்டாலும் நிரப்ப முடியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் ஃபில்லிங்கா, ரூட் கேனலா என்று முடிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவமனை வேண்டுமென்றால் டெல்லி கேட் பக்கம் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிலையம் இருக்கிறது. இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.