பல மாதம் நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி மாற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பேட்டரிக்குச் செலவழித்தது வீண். இந்த வண்டியில் ஸ்பார்க்குக்கான கரண்ட் இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தரும் மேக்னட் காயிலிலிருந்து நேராக சிடிஐக்கு (ஸ்பார்க்கைத் தூண்டும் எலக்ட்ரானிக் பெட்டி) போகிறது. பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் கிக்கில் ஸ்டார்ட் ஆகும்.

சோக் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், பத்து கிக் அடித்தவுடன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ, அல்லது ஸ்பார்க் இல்லை.

காய்ந்த பிளக் என்றால் கார்புரேட்டர்தான். நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சுவது வார்னிஷ் மாதிரி ஒரு பிசின். அது முதலில் அடைப்பது பைலட் ஜெட்டை, அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஜெட்டை. அதன் துளை தலைமுடி நுழையும் அளவுதான். கார்ப் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு மைலேஜ் போச்சு. டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலையும் கொட்டிவிடுங்கள்.

நனைந்த பிளக்கைத் துடைத்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ.க்குள் வையுங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, பிளக் துளையிலிருந்து தள்ளி, இன்ஜின் ஹெட்டின் ஃபின்னில் (உலோகத் தகடு) பிளக்கின் உலோகப் பகுதி படும்படி வைத்துக் கிக் அடியுங்கள். நீலப் பொறி வரவேண்டும். வராவிட்டால், சாவி சுவிட்சிலிருந்து சிடிஐக்கு வரும் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் சுவிட்சில்தான் ஷார்ட்.

எல்லாம் சரியாகி, ஸ்டார்ட் ஆன பின் ரேஸ் இறங்காமல் அலறினால் கிராங்க் ஷாஃப்டின் ரப்பர் ஆயில் சீல் காய்ந்து, வெளிக்காற்று உள்ளே போகிறதா என்று பாருங்கள். அப்படியே ஓட்டாதீர்கள், பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.